சீவார்டியெல்லா டியூபரிஃபெரா
மேற்கு இமயமலைக்கே உரிய, அருகிவரும் ஈரலுருத் தாவரம் (லிவர்வொர்ட்). பிரையோஃபைட்டுப் பிரிவைச் சேர்ந்தது. இந்தியப் பிரையோஃபைட்டு ஆய்வின் முன்னோடி சிவராம் கஷ்யப் 1915-இல் விவரித்து, கேம்பிரிட்ஜ் தாவரவியலர் சீவார்டின் பெயரைச் சூட்டினார்.

சூழலியல்: முசூரி, சிம்லா போன்ற மலைப்பகுதிகளின் ஈரமண்ணில் மழைக்காலத்தில் பச்சைத் தகடாகப் படரும். மழை ஓய்ந்ததும் தகட்டின் நுனி மண்ணுக்குள் இறங்கிக் கிழங்காகும், மேற்பகுதி காய்ந்துவிடும். அடுத்த மழையில் கிழங்கு மீண்டும் துளிர்க்கும்.

பாதுகாப்பு: சாலை விரிவாக்கமும் கட்டுமானமும் மேல்மண்ணை வாரும்போது கிழங்கும் அழிகிறது, மழையிருந்தும் துளிர்க்க ஏதுமிராது. ஆய்வக வளர்ப்பு துணைசெய்யும். ஆனால் வாழிடச் சரிவுகளைக் கோடையிலும் தோண்டாமல் காப்பதே முதற்கடமை.