கல்லடிப் பாலமும் கற்க வந்த துறவிகளும்

கிறிஸ்தவ மிஷனரி என்றதும் நம்மவர் பலரின் மனக்கண்ணில் தோன்றுவது, வெண்தாடியும் நீண்ட அங்கியுமாகக் கையில் வேதாகமத்துடன் நிற்கும் முதியவரின் உருவமே. மட்டக்களப்பைப் பொறுத்தவரை அந்தச் சித்திரம் பொருந்தாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அங்கு வந்திறங்கிய அமெரிக்கத் துறவிகள் சிலர் இருபதுகளில் இருந்த மாணவர்கள். குருப்பட்டம் அவர்களுக்கு இன்னும் பல ஆண்டுகள் தொலைவில் இருந்தது.

இயேசு சபையின் பயிற்சி நீண்டது. ஈராண்டு நவதுறவு, பின்னர் இலக்கியமும் மெய்யியலும், அதன்பின் சில ஆண்டுகள் ஒரு பாடசாலையில் ஆசிரியப் பணி, அதற்கும் பிறகே இறையியல். பள்ளியை முடித்த கையோடு சபையில் சேரும் இளைஞன் குருவானவராகும்போது முப்பதை எட்டியிருப்பான். இந்த நெடும்பயணத்தின் நடுவில் வரும் ஆசிரியப் பணிக்காலத்தைக் கடல் கடந்து கழிப்பதற்கென்றே சிலர் அனுப்பப்பட்டனர். ஒரு மொழியையும் ஒரு மக்களையும் இளவயதிலேயே பழகிக்கொள்ளவேண்டும் என்பதே அதன் நோக்கம். இறையியலையும் கீழைத்தேயத்திலேயே படிக்க வழியிருந்தது. டார்ஜிலிங் அருகே குர்சியோங்கில் அக்காலத்தில் சபையின் இறையியல் கல்லூரி ஒன்று இயங்கியது.

கிழக்கிலங்கை 1895 முதல் பிரெஞ்சு இயேசு சபையாரின் பொறுப்பில் இருந்தது. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்தெடுத்தவர்கள் அவர்களே. போருக்குப் பின் அவர்களுக்குத் துணையாகவும், படிப்படியாக அவர்களின் இடத்துக்கும், நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தினர் வரலாயினர். யூஜின் ஹேபியர் 1941இல் சபையில் சேர்ந்து 1948இல் இலங்கை வந்தார். அதே ஆண்டில் வந்தவர் ஹரி மில்லர். அப்போது அவருக்கு வயது 23.

சதுப்பு நிலமும் நீரோடைகளும் நிறைந்த லூசியானாவிலிருந்து வந்தவர்களுக்கு வாவியும் வெக்கையும் முற்றிலும் அந்நியமாக இருந்திரா என்று எண்ணுகிறேன். தமிழ்தான் சோதனை. இலக்கண நூலைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவரும் மட்டக்களப்புச் சந்தையில் ‘என்ன கா’ என்ற விளிப்பையும் ‘மறுகா’ என்ற சொல்லையும் கேட்டால் திகைக்கவே செய்வார். அந்தத் தமிழ் எந்தப் பயிற்சிக்கூடத்திலும் கிடைக்காது; வகுப்பறையிலும் விளையாட்டு மைதானத்திலும் மாணவரிடமிருந்துதான் பெற்றுக்கொள்ளவேண்டும். இந்தத் துறவிகள் பந்தோடு திரிந்தது வெறும் பொழுதுபோக்கன்று. கூடைப்பந்தாட்டத்தைக் கிழக்கில் வளர்த்ததில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. மட்டக்களப்பின் வெபர் மைதானம் அவர்களில் ஒருவரான ஹரல்ட் ஜோன் வெபரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

கல்லடிக்கும் இவர்கள் ஒரு கொடை விட்டுச்சென்றார்கள். நிலவு காலத்து இரவுகளில் வாவியின் அடியிலிருந்து எழும் இசையை, துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையைக் காதோடு சேர்த்து மீனவர்கள் கேட்டுவந்தார்கள். பாடுவது மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தடியில் ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கி அந்த ஓசையைப் பதிவுசெய்தவர் இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார். 1960களில் இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. போதிக்க வந்தவர் காதைத் தாழ்த்திக் கேட்டதை மிஷன் வரலாறுகளில் தேடிப்பார்க்கவேண்டியிருக்கிறது.

அதே கல்லடியின் உப்போடையில் விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிறது. அவர் வாழ்க்கை இந்தக் கதையின் மறுபக்கம். காரைதீவு மயில்வாகனன் கல்முனையில் மெதடிஸ்தரிடமும், மட்டக்களப்பில் பிரெஞ்சுத் துறவிகளின் புனித மிக்கேலிலும் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். 1922இல் துறவுப் பயிற்சிக்கென்று அவரும் கடல் கடந்தார். மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் பிரபோத சைதன்யர் என்ற பெயருடன் ஈராண்டு பயின்றபடியே ‘இராமகிருஷ்ண விஜயம்’ என்ற தமிழ் ஏட்டையும் ‘வேதாந்த கேசரி’ என்ற ஆங்கில ஏட்டையும் கவனித்துக்கொண்டார். 1924இல் விபுலாநந்தரானார். திரும்பிவந்து 1929இல் கல்லடி உப்போடையில் அவர் எழுப்பியது கோயிலன்று, சிவானந்த வித்தியாலயம். ஒரு சமயம் ஊரில் வேர்கொள்ளப் பள்ளிக்கூடமே வழி என்பதை அவர் மிஷன் பாடசாலையின் உள்ளிருந்தே கண்டிருந்தார் என்பது என் கணிப்பு. மிஷனரிகள் எல்லாவற்றையும் பறித்தார்கள் என்போரும், அவர்களே எல்லாவற்றையும் தந்தார்கள் என்போரும் இந்த ஒருவரின் வரலாற்றைப் படித்தால் சற்று நிதானிப்பர்.

1960களின் தொடக்கத்தில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபின் வெளிநாட்டுத் துறவிகளின் வருகை அருகியது. முன்னரே வந்தவர்கள் இங்கேயே முதுமையடைந்தார்கள். பின்னர் போர் வந்தது. அதற்கான பாடம் எந்த நவதுறவகத்திலும் இருக்கவில்லை.

1990 ஓகஸ்டில் கிழக்கு முழுவதும் கொலைக்களமாக இருந்தது. ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள்; பழிக்குப் பழியாகத் தமிழர் கொல்லப்பட்டார்கள். அந்த மாதம் 15ஆம் திகதி, 66 வயது ஹேபியர் அடிகளார் ஒரு தமிழ் இளைஞருடன் தம் ஸ்கூட்டரில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை, ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. காணாமற்போன ஆயிரக்கணக்கான கிழக்கு மக்களின் வரிசையில் அந்த அமெரிக்கரும் சேர்ந்தார்.

அந்த வரிசையைக் குறித்துவைக்க முயன்றவர்களில் ஒருவர் மில்லர் அடிகளார். மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்துகொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் சொல்வதைக் கேட்பதும், எழுதுவதும், முகாம்களுக்குச் சென்று விசாரிப்பதும் அவரது அன்றாடமாயின. எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் கிழக்கில் நடப்பதை அறிய அவரைத் தேடிச்சென்றார்கள்.

போர் முடிந்த 2009இல், ஓய்வுக்காலத்தைக் கழிக்கவென்று அவர் நியூ ஓர்லியன்ஸுக்குப் போனார். அறுபது ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த ஊர் அது. சில மாதங்களிலேயே மட்டக்களப்புக்குத் திரும்பிவிட்டார்.