ஓலையும் மனசாட்சியும்

திருமணம் என்பது கடவுள் முன் செய்யும் உடன்படிக்கை என்று நம்புகிறவன் நான். அதைக் காப்பாற்றச் சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் நல்லதுதான் என்று நினைத்திருந்தேன். இங்கிலாந்து வரலாற்றைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது நண்பர்களே.

அங்கே ஒரு காலத்தில் ரகசியக் கல்யாணங்கள் பெருகிக் கிடந்தன. லண்டன் ஃப்ளீட் சிறையைச் சுற்றி, காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்காமல் மணம் முடித்து வைக்கும் பாதிரிமார் இருந்தார்கள். இதைத் தடுக்க 1753ல் ஹார்ட்விக் பிரபுவின் சட்டம் வந்தது. ஆங்கிலிக்கன் ஆலயத்தில் ஓலை வாசித்தோ, லைசென்ஸ் வாங்கியோ செய்தால்தான் திருமணம் செல்லும். குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் மட்டும் விலக்கு.

நோக்கம் நல்லதுதான். ஆனால் கத்தோலிக்கரும் பாப்டிஸ்டுகளும் என்ன செய்வார்கள்? தங்கள் குருவோ போதகரோ நடத்தும் திருமணம் மட்டும் போதாது. பிள்ளைகளின் வாரிசுரிமைக்காக, தாங்கள் ஏற்காத சபையின் பீடத்தின் முன் நின்று உறுதிமொழி சொல்ல வேண்டியிருந்தது. 1836ல் வந்த சட்டம்தான் பதிவுபெற்ற மற்ற ஆலயங்களிலும், பதிவாளர் முன்னிலையிலும் மணம் முடிக்க வழிவிட்டது. இடையில் 83 வருடங்கள்!

பதிவாளர் கல்யாணம் வந்ததால் திருமணத்தின் புனிதம் போய்விட்டது என்பார்கள் என்னைப் போன்ற பழமைவாதிகள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டாயத்துக்காகச் சொல்லும் உறுதிமொழியில் என்ன புனிதம் இருக்கிறது? அந்தப் புனிதத்தைச் சொல்லிக்கொடுப்பது சபையின் வேலை. அதைச் சட்டத்தின் தலையில் கட்டக்கூடாது.