நிஜாமிய்யாவின் வக்ஃபும் ஒரு பேராசிரியரின் தயக்கமும்

ஆய்வு நல்கைக்காக விண்ணப்பித்துக் காத்திருக்கும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு பாக்தாத் நினைவுக்கு வரும். ஸல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க் அங்கு நிறுவிய நிஜாமிய்யா மத்ரஸா ஹிஜ்ரி 459இல் (கி.பி. 1067) திறக்கப்பட்டது. அதற்கென வக்ஃபு செய்யப்பட்ட சொத்துகளின் வருவாயே ஆசிரியருக்கு ஊதியமாகவும் மாணவருக்கு உதவித்தொகையாகவும் அமைந்தது. பிழைப்புக்காக அலையாமல் கல்வியில் மூழ்கலாம். (இதை எழுதுகையில் மத்ரஸா ஆசிரியனாகிய எனக்குப் பெருமூச்சு வருவது இயல்பே!)

திறப்பு நாளன்று மக்கள் திரண்டிருந்தனர். பேராசிரியராக நியமிக்கப்பட்டிருந்த ஷாஃபிஈ சட்ட மேதை அபூ இஸ்ஹாக் அஷ்ஷீராஸி (ரஹ்) அவர்களோ வரவில்லை. அக்கட்டடம் பிறரிடமிருந்து பறிக்கப்பட்டவற்றால் எழுந்தது என்னும் செய்தி அவர்களின் செவிக்கு எட்டியிருந்தது. அவர்களுக்குப் பதிலாக இப்னுஸ் ஸப்பாக் (ரஹ்) அவர்கள் சுமார் 20 நாள்கள் பாடம் நடத்தினார்கள்.

பின்னர் வற்புறுத்தலுக்கு இணங்கி ஷீராஸி அவர்கள் பொறுப்பேற்றார்கள். ஆயினும், தொழுகை நேரம் வந்தால் வெளியே சென்று வேறொரு பள்ளிவாசலில் தொழுவார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். பாடம் நடத்தலாம், தொழலாகாதா என எவரும் கேட்கக்கூடும். அந்த முரணை அவர்கள் மறைக்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1091இல் அதே இருக்கைக்கு வந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், 1095இல் அதைத் துறந்து திமிஷ்க் நோக்கிப் புறப்பட்டார்கள்.