எட்டாம் விதியும் இரு பெண்களின் வழக்கும்

1957ஆம் ஆண்டு மெர்டேக்காவோடு நமக்குக் கிடைத்த அரசியலமைப்புச் சட்டத்தின் எட்டாம் விதி, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று தொடங்குகிறது. அதன் இரண்டாம் பிரிவு, அரசியலமைப்பே வெளிப்படையாக இடங்கொடுத்தவை நீங்கலாக, சமயம், இனம், மரபு, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு குடிமக்களிடையே வேற்றுமை பாராட்டலாகாது என்றது. ஆண், பெண் என்னும் வேற்றுமை அந்த நான்கினுள் இல்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2001 செப்டம்பர் 28ஆம் நாள் நடப்புக்கு வந்த திருத்தத்தால்தான் ‘பால்’ என்னும் ஐந்தாம் சொல் அங்கே ஏறிற்று. அச்சொல்லுக்கு முன்னும் பின்னுமாக எழுந்த இரு வழக்குகளை ஆசிரிய அன்பர்கள் அறிந்திருத்தல் நன்று. வழக்கறிஞரை நாடிச் செல்பவர் முதலில் எதைக் கேட்க வேண்டும் என்பது அவ்வழக்குகளில் விளங்கும்.

முன்னது பியட்ரிஸ் பெர்னாண்டஸ் என்னும் விமானப் பணிப்பெண்ணின் வழக்கு. அவர் 1980ல் மலேசிய விமான நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். நிறுவனமும் தொழிற்சங்கமும் 1988ல் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில், அவர் தரத்துப் பணிப்பெண் கருவுற்றால் தாமே வேலையினின்று விலக வேண்டும் என்றொரு விதி இருந்தது. 1991ல் அவர் கருவுற்றார்; விலக மறுத்தார்; நீக்கப்பட்டார். அவ்விதி செல்லாது என்று அறிவிக்க வேண்டி நிறுவனத்தின் மீதும் சங்கத்தின் மீதும் வழக்குத் தொடுத்தார். தம் உறுப்பினரைக் காக்க வேண்டிய சங்கமே எதிர்ப்பக்கத்தில் நிற்க நேர்ந்தது! உயர்நீதிமன்றத்தில் தோற்றார். 2004ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றார். 2005ல் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட இசைவு தர மறுத்துவிட்டது. கருவுற்றிருந்தபோது தொடங்கிய பிணக்கு முடிவதற்குள் பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன.

அவர் தோற்றதற்கு நீதிமன்றங்கள் காட்டிய காரணங்களுள் தலையாயது இது: அரசியலமைப்பின் சமத்துவ விதி சட்டமன்றத்தையும் அரசாங்கத்தையும் அவற்றின் உறுப்புகளையுமே கட்டுப்படுத்தும், ஒரு நிறுவனமும் ஒரு சங்கமும் தம்முள் செய்துகொண்ட ஒப்பந்தம், அவ்விதி கூறும் ‘சட்டம்’ ஆகாது. ‘பால்’ என்னும் சொல்லோ அவர் நீக்கப்பட்ட பின்னரே வந்தது. முன்னோக்கிப் பாயுமேயன்றிப் பின்னோக்கிப் பாயாது. அவருக்கு நேர்ந்தது அநீதியா என்னும் கேள்வியைவிட, அதைச் செய்தது யார் என்னும் கேள்வியே வழக்கின் போக்கைத் தீர்மானித்தது எனலாம்.

பின்னது நம் தொழிலைச் சார்ந்தது. சிலாங்கூரைச் சேர்ந்த நூர்பாடில்லா அகமட் சைக்கின் என்பார், பயிற்சி பெறாத தற்காலிக ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்துத் தேர்வு பெற்றார். 2009 சனவரியில் உலு லங்காட் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பணியமர்த்தல் கடிதம் கொடுக்கப்பட்ட வேளையில், கருவுற்றிருப்பவர் யார் யார் என்று கேட்டார்கள். அவர் மறைக்கவில்லை. கொடுத்த கடிதம் திரும்ப வாங்கப்பட்டது.

அலுவலகத்தார் பின்னர் கூறிய காரணங்கள் நமக்குப் புதியவை அல்ல. தற்காலிக நியமனம் மாதக் கணக்கில் ஓடுவது. கருவுற்றவர் உடல்நலம் கருதி அடிக்கடி வராதிருக்கலாம். பேறுகாலத்தில் மாற்றாசிரியர் தேட வேண்டும். இவை பொய்யென்று எந்தத் தலைமையாசிரியரும் சொல்லமாட்டார். இரண்டு ஆசிரியர் வராத காலையில் மூன்று வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்தும் தோட்டப் பள்ளியின் பாடு அதை அனுபவித்தவர்க்கே தெரியும். ஆயினும் அந்தத் தொல்லையின் விலையைக் கருவுற்ற பெண் ஒருத்தியே செலுத்த வேண்டும் என்பது எவ்வகையில் நியாயம்?

இவருக்காக எட்மண்ட் போன், ஹனி டான் லே இயான் என்னும் வழக்கறிஞர்கள் வழக்காடினர். மனிதவுரிமை வழக்குகளில் பழகிய கைகள். 2010ல் தாக்கலான அவ்வழக்கு, சாட்சிகளை நிறுத்தி விசாரிக்கும் வழக்கன்று. பிரமாணப் பத்திரங்களைக் கொண்டே தீர்க்கப்படும் மனு. வேற்றுமை வழக்குகளில் பெரும்பாலும் உண்மைக் காரணத்தை எதிர்த்தரப்பு ஒளித்துவிடும். “தகுதி போதவில்லை” என்னும், அல்லது “இடம் காலியில்லை” என்னும். அப்போது சாட்சியும் குறுக்கு விசாரணையும் இன்றியமையாதவை. இங்கோ, கர்ப்பமே காரணம் என்பதை அதிகாரிகள் மறுக்கவில்லை. ஆதலால் எஞ்சியது சட்டக் கேள்வி ஒன்றே. எதிரிகளோ கல்வி அதிகாரிகளும் அரசாங்கமும். பெர்னாண்டஸ் முட்டிக்கொண்ட சுவர் இவ்வழக்கின் பாதையில் இல்லை.

2011 சூலை 12ஆம் நாள் ஷா ஆலம் உயர்நீதிமன்ற நீதிபதி சலேஹா யூசோப் தீர்ப்பளித்தார். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை மறுப்பது பால் வேற்றுமையே. ஏனெனில் கருவுறுதல் பெண்ணுக்கே உரியது. 1995ல் மலேசியா ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கெதிரான வேற்றுமைகளை ஒழிக்கும் ஐக்கிய நாட்டு உடன்படிக்கையையும் எட்டாம் விதிக்குப் பொருள் காணத் துணைகொண்டார். இழப்பீடு பின்னர் மதிப்பிடப்பட்டது. 2014ல் 300,000 வெள்ளி என்றனர். 2016ல் உயர்நீதிமன்றம் அதனை 30,000 வெள்ளியாகக் குறைத்துவிட்டது. கொள்கையில் வென்றவர் பணத்திலும் வெல்வார் என்று யாரும் எண்ணிவிட வேண்டா.

இத்தீர்ப்பு எல்லாப் பெண்களுக்கும் வழி திறந்துவிட்டதாகச் சிலர் மகிழ்ந்தனர். 2014ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்மகிழ்ச்சிக்கு எல்லை வகுத்தது. பயிற்சிக் காலத்தில் கருவுறுவதில்லை என்று ஒப்புக்கொண்டு ஏர் ஏசியா நிறுவனத்தில் பொறியாளர் பயிற்சியிற் சேர்ந்த பெண்ணின் வழக்கு அது. தனியார் ஒப்பந்தத்தை எட்டாம் விதி தொடாது. அந்த உடன்படிக்கையும் நாடாளுமன்றம் சட்டமாக்கினாலன்றி இங்குச் செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

பாயான் லெப்பாசில் வாழும் நமக்கு இந்த வேறுபாடு ஏட்டளவினதன்று. 1972ல் இங்கே தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்த நாள் முதல், மின்னணுத் தொழிற்சாலைகளின் உற்பத்தி வரிசையில் அமர்ந்தோரில் பெரும்பாலார் பெண்களே. ஒரே வீட்டில் அக்காள் அரசாங்கப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை, தங்கை தொழிற்சாலைப் பணியாள் என்று வைத்துக்கொள்வோம். இருவரையும் ஒரே காரணத்துக்காக ஒரே நாளில் நீக்கினால், அக்காளின் வழக்கறிஞர் எட்டாம் விதியைக் கையில் எடுக்கலாம். தங்கையின் வழக்கறிஞருக்கு வேறு சட்டம் வேண்டும்.

அந்த வேறு சட்டம் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். 2022ல் நிறைவேறி 2023 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தம், கருவுற்ற பணியாளை அக்காரணத்தால் நீக்குவதைத் தடுத்தது. பேறுகால விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக்கியது. வேலையில் காட்டப்படும் வேற்றுமை பற்றிய பிணக்கைத் தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநர் விசாரித்து ஆணையிடவும் இடந்தந்தது. ஆணையை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை தண்டம். ஆனால் வேற்றுமை என்றால் இன்னதென்று அத்திருத்தம் வரையறுக்கவில்லை. வேலை தேடி வருபவரைப் பற்றியும் அதில் சொல் இல்லை. நூர்பாடில்லாவுக்கு நேர்ந்தது ஒரு தொழிற்சாலை வாயிலில் நேர்ந்தால், அப்பெண்ணுக்கு இத்திருத்தம் எவ்வளவு துணை நிற்கும் என்பதை வழக்கறிஞர்தான் ஆராய வேண்டும்.

நம்மவர் வழக்கறிஞர் முன் அமர்ந்ததும் பட்ட அவமானத்தை விரித்துரைப்பர். அது நடந்த தேதியைக் கேட்டால் விழிப்பர். தேதிதான் முதலில் வேண்டும். தனியார் நிறுவனம் நீக்கினால், மீண்டும் வேலை கோரும் முறையீட்டை 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் கொடுத்தாக வேண்டும். அரசாங்க முடிவொன்றை நீதிமன்றம் மறுஆய்வு செய்ய இன்றைய விதிப்படி மூன்று மாதக் கெடு. அரசாங்கத்தின் மீது தொடுக்கும் பிற வழக்குகளுக்கு 36 மாதம். “வென்றால் பாதி உமக்கு” என்னும் பேரத்தை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற்சட்டம் ஏற்பதில்லை. ஆகையால் கட்டணத்தை முதல் நாளே எழுத்தில் கேட்டுப் பெறலாம். வருவாய் குறைந்தோர்க்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் உண்டு. அங்குச் செல்லும்போது நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, நீக்கக் கடிதம், அன்று யார் என்ன சொன்னார் என்று அன்றே எழுதி வைத்த குறிப்பு ஆகியவற்றை நாள் வரிசையில் அடுக்கிக்கொண்டு செல்லவேண்டும்.