நாலு, அஞ்சு, ஏழு

என் வீட்டு ஆம்ப்ளிஃபயர் நிற்கும் தட்டைக் குனிந்து அடிப்பக்கமாகப் பார்த்தால் வெள்ளைப் பெயிண்டில் 5 என்று எழுதியிருக்கும். ரெக்கார்ட் பிளேயர் இருக்கும் மேல்தட்டில் 4. எல்பி ரெக்கார்டுகளை அடுக்கியிருக்கும் கீழ்த்தட்டில் 7. இன்னொரு தட்டுக்கு எண் கிடையாது. வீட்டுக்கு வருபவர்களில் கண் கூர்மையானவர்கள் ஆறு எங்கே என்று கேட்பார்கள். ஆறு பெரியம்மா வீட்டில் இருக்கிறது.

பெரியப்பாவின் மளிகைக் கடை விருதுநகருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. ஷட்டர் வருவதற்கு முந்தைய காலத்துக் கடை. வாசலுக்கு மேலேயும் கீழேயும் சட்டத்தில் காடி வெட்டியிருக்கும். ராத்திரி ஒன்பது பலகைகளை ஒவ்வொன்றாகக் காடியில் செருகித் தள்ளிக்கொண்டே போய், குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுவார். பலகைக்கு எண் போட்டது அழகுக்கல்ல. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் உரசி உரசி ஒவ்வொரு பலகையும் தன் இடத்துக்கென்றே தேய்ந்திருக்கும். மூன்றை ஐந்தின் இடத்தில் போட்டால் ஒன்பதாவது உள்ளே போகாது. பள்ளி விடுமுறையில் போகும்போது இதில் தப்புச் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

2004-ல் கடைக்கு ஷட்டர் வந்தது. பலகைகள் பின்கட்டுக்குப் போயின. கோழிக்கூட்டுக்கு இரண்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு மாட்டுத் தொட்டிக்கு மேல் போட மூன்று. நான் போனபோது மிச்சம் நாலும் ஐந்தும் ஏழும். வேங்கை மரம், ஒரு அங்குலக் கனம், ஒன்பது அங்குல அகலம், ஏழடி உயரம். தூக்கினால்தான் தெரியும் என்ன மரம் என்று.

அப்போது நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயர் வாங்கியிருந்தேன். ஆம்ப்ளிஃபயரும் கேசட் டெக்கும் ஊரிலிருந்து வந்தவை. பிளேயர் டிரங்குப் பெட்டி மேல், ஆம்ப்ளிஃபயர் தரையில், டெக் அதன் தலையில். அறைத்தோழர் தண்ணீர் குடிக்க எழுந்து நடந்தால் ஊசி துள்ளிப் பல வரி தள்ளிப் போய்விடும். பல்லவி கேட்டுக்கொண்டிருப்போம், சரணம் வந்துவிடும். டெக்கை ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்ததும் தப்பு. ஆம்ப்ளிஃபயருக்குள் போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகத்தான் வெளியே வருகிறது, அது வெளியேறும் துளைகள் மேல்மூடியில்தான் இருக்கின்றன. அதை அடைத்துவிட்டுச் சென்னை மே மாதத்தில் பாட்டுக் கேட்டால் டெக்கின் ரப்பர் பெல்ட் இளகிப் பாடகரின் குரல் இழுபடும்.

இவற்றை அடுக்கவென்று விற்கும் ஆடியோ ராக்கின் விலையை ஒரு கடையில் கேட்டேன். என் மாசச் சம்பளத்தைவிட அதிகம். கண்ணாடித் தட்டு, மின்னும் கால்கள். உள்ளே நிற்கப்போகும் மூன்று சாமான்களும் சேர்ந்தாலும் அந்த விலை வராது.

ஷோகேஸ் செய்துகொள்ளலாமே என்று அப்பா சொன்னார். அவர் தலைமுறைக்குப் பாட்டுப் பெட்டி என்றால் ஷோகேஸ்தான். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நம் வீடுகளில் சுவரிலேயே டிவிக்கென்று மாடம் விட்டுக் கட்டினார்களே, பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்த பழைய டிவிக்கு அளவெடுத்து, இரண்டடி ஆழத்துக்கு? தட்டை டிவி வந்ததும் அந்த மாடங்களில் இப்போது பொம்மைகளும் கல்யாண ஆல்பங்களும் இருக்கின்றன. சுவரை இன்னொரு சாமானுக்காக நகர்த்த முடியாது. எனக்கு வேண்டியது நாளைக்கு என்ன வாங்கப்போகிறேன் என்று தெரியாத ஒருவனுக்கான தட்டு.

விடை ஹார்டுவேர் கடையில் இருந்தது. த்ரெட் ராட்: தலை முதல் கால் வரை மரை வெட்டிய இரும்புக் கம்பி. ஃபால்ஸ் சீலிங்கையும் ஏசி குழாயையும் கூரையிலிருந்து தொங்கவிடுபவர்கள் வாங்குவது. ஒரு மீட்டர் நீளத்தில் கிடைக்கும். நாலு மூலைக்கு நாலு ராட். ஒவ்வொரு பலகையையும் மேலே ஒரு நட்டு கீழே ஒரு நட்டு வைத்து இறுக்கினால் பலகை அந்த உயரத்தில் நிற்கும். உயரம் பிடிக்கவில்லையா, நட்டைத் திருகு. வெளிநாடுகளில் கைக்காசு குறைந்த பாட்டுப் பிரியர்கள் பலரும் இதே வழியில் ராக் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நானே கண்டுபிடித்ததாக நினைத்து இரண்டு வருஷம் பெருமையாக இருந்தேன்.

பன்னிரண்டு மில்லி ராட் நாலு, நட்டு முப்பத்திரண்டு, வாஷர் முப்பத்திரண்டு. ஆசாரிக்கு ஒரு நாள் கூலி. எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடிந்தது. ஒவ்வொரு பலகையையும் இருபத்தாறு அங்குலத்தில் மூன்று துண்டாக அறுத்தார். இரண்டு துண்டை ஒட்டிப் போட்டால் பதினெட்டு அங்குல ஆழம். எட்டுத் துண்டில் நாலு தட்டு. ஒன்பதாவது துண்டைக் கீற்றுகளாக வகுந்து அடியில் குறுக்குச் சட்டம் வைத்தார்.

அவரிடம் நான் கற்றது இரண்டு. தட்டு தட்டாகத் துளை போடவிடவில்லை. நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பெரிய க்ளாம்ப் போட்டு இறுக்கி, ஒரே மூச்சில் நாலுக்கும் துளைத்தார். “தனித்தனியாப் போட்டா ஒரு நூல் தப்பும் தம்பி. ஒரு நூல் தப்புனா கம்பி உள்ள போகாது, போனா வெளிய வராது.” இன்னொன்று, ராடைக் குட்டையாக அறுக்கும் முன் ஒரு நட்டை உள்ளே ஏற்றிவிட்டார். அறுத்த முனையில் மரை நசுங்கிப் பிசிறடித்திருக்கும். உள்ளிருந்த நட்டைத் திருகி வெளியே எடுக்கும்போது அதுவே மரையைச் சீவிச் சரிசெய்துவிடும். ஒரு மீட்டர் ராடை முப்பத்தாறு அங்குலமாக அவர் அறுத்த அந்த நாலு முனைகளும் இன்றும் நட்டை வம்பில்லாமல் வாங்கிக்கொள்கின்றன.

அவர் சொல்லாத ஒன்று, நட்டு ஏற்றுவதன் அலுப்பு. இந்த ராடில் ஒரு சுற்றுக்கு நட்டு 1.75 மில்லிமீட்டர்தான் நகரும். ஒரு மீட்டருக்கு 571 சுற்று. பெரியப்பா பேரன் ஒருவனுக்கு நட்டு ஒன்றுக்கு ஒரு மிட்டாய் என்று ஒப்பந்தம். பதினோராவது நட்டில் அவன் ராஜினாமா செய்தான்.

பலகைக் கட்டு பஸ்ஸின் மேல் ஏறி, ராடுகள் வேட்டியில் சுருட்டி என் மடியில், சென்னைக்கு வந்தோம். ராடு முனைகள் தரையைக் கீறாமலிருக்க மெடிக்கல் கடையில் ஊன்றுகோலுக்கு மாட்டும் ரப்பர் மூடி நாலு வாங்கினேன். துளை கொஞ்சம் பெரிது. சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றித் திணித்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஊரில் மைக் செட் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சென்னை வந்தபோது என் ராக்கைப் பார்த்தார். “ராக்குன்னா வண்டியில போகணும் தம்பி. வீட்ல நிக்கிறதுக்குப் பேரு ஷெல்ஃபு” என்றார். அவர் கணக்கில் ராக் என்பது கறுப்புப் பெட்டி, மூலைக்கு இரும்புத் தொப்பி, முன்னால் இரண்டு பக்கமும் துளையிட்ட இரும்புப் பட்டை, அதில் ஸ்க்ரூ போட்டுத் தொங்கும் ஆம்ப்ளிஃபயர்கள். திருவிழாவுக்குத் திருவிழா லோடு வண்டியில் குலுங்கினாலும் அசையாது.

அந்தப் பெட்டியின் பூர்விகம் பாட்டல்ல, டெலிபோன். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் தன் எக்ஸ்சேஞ்சுகளில் பெருகிக்கொண்டே போன கருவிகளைக் குறைந்த இடத்தில் அடுக்க, முகப்பு அகலம் 19 அங்குலம் என்று வகுத்துக்கொண்டது. உயரத்துக்கு அலகு 1.75 அங்குலம், எந்தக் கருவியும் அதன் மடங்காக இருக்க வேண்டும். எவர் செய்த பெட்டியும் எவர் செய்த சட்டத்திலும் பொருந்தும். டெலிபோனிலிருந்து வானொலி நிலையத்துக்கும், ஒலிப்பதிவுக் கூடத்துக்கும், கம்ப்யூட்டர் சர்வர்களுக்கும், கடைசியில் எங்கள் ஊர் முளைப்பாரி ஊர்வலத்துக்கும் அந்த அகலமே வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் கம்ப்யூட்டர்க்காரர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்கள். ஐகியா விற்கும் லாக் என்ற மலிவான குட்டி மேஜையின் பக்கம் 55 சென்டிமீட்டர், கால் ஒன்று 5 சென்டிமீட்டர். இடையில் மிஞ்சுவது 45. சர்வர் உடம்பு சரியாக நுழையும் அளவு. மேஜைக் காலிலேயே ஸ்க்ரூ போட்டு மாட்டினார்கள், அது முக்கால்வாசி உள்ளீடற்ற கால் என்றாலும்.

என் ராக்கும் அந்தப் பத்தொன்பதிலிருந்து தப்பவில்லை. பன்னிரண்டு மில்லி நட்டுக்கு வேண்டிய ஸ்பேனர் 19. ஒரு சுற்றுக்கு 1.75 என்ற எண்ணும் அங்கேயிருந்து எட்டிப்பார்க்கிறது, அங்குலமாக அல்லாமல் மில்லிமீட்டராக. தற்செயல்தான். ஆனால் அங்கே எல்லாவற்றையும் நிர்ணயித்துவிட்டதால் எதுவும் பொருந்துகிறது. இங்கே எதையும் நிர்ணயிக்காததால்.

குறை சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. நாலு கம்பியில் நிற்கும் தட்டு பக்கவாட்டில் ஆடும். எல்பி நிற்பதற்குப் பதின்மூன்றரை அங்குல இடைவெளி வேண்டும், அந்த மாடிதான் பலவீனம். கம்பியின் பிடியில்லாத நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். கார் நிறுத்தத் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் தூணில் நிறுத்தும் அடுக்குமாடிகளுக்கும் இதே வியாதி. 2001 குஜராத் பூகம்பத்தில் அகமதாபாத்தில் அப்படிப்பட்ட கட்டடங்கள் அந்தத் தளத்திலேயே முறிந்து உட்கார்ந்தன. என் வீட்டுப் பூகம்பம் வேலைக்கார அம்மாவின் துடைப்பம். பின்பக்கம் துணிக்கொடிக் கம்பியைப் பெருக்கல் குறியாக இழுத்துக் கட்டினேன். ஆட்டம் நின்றது.

காலடி அதிர்வுக்கு வேறு வைத்தியம். மேல்தட்டில் சைக்கிள் ட்யூபை வளையமாகப் பரப்பி, அதன்மேல் கடப்பாக் கல் ஒன்று. சமையலறை மேடைக்கு வாங்கியதில் மிஞ்சியது என்று கல் கடைக்காரர் சும்மா கொடுத்தார். இரண்டு சென்டிமீட்டர் கனம், பத்துக் கிலோ இருக்கும். கனத்த கல்லும் இளகிய ரப்பரும் சேர்ந்தால் அதிர்வு மேலே ஏறுவதற்குள் களைத்துவிடும். கல் மட்டமாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஊசி தாங்கிய கை ஒருபக்கம் சரிந்து ரெக்கார்டு வரியின் ஒரு சுவரை அதிகமாகத் தேய்க்கும். சென்னை வாடகை வீடுகளின் தரையோ கழுவிவிட்ட தண்ணீர் ஓட வாட்டம் வைத்தது. வீடு மாறும்போதெல்லாம் ரசமட்டத்தைக் கல்மேல் வைத்து, தணிந்த மூலையில் கால் சுற்று, அரைச் சுற்று என்று நட்டைத் திருகிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவருவேன். காசு கொடுத்து வாங்கும் ராக்குகளில் தட்டைத் தனியாக இப்படித் திருத்துவது கஷ்டம்.

ஐந்து வீடு மாறினோம். ஒவ்வொரு தடவையும் ராக் கழன்று நாலு பலகை, நாலு கம்பி, ஒரு பிஸ்கட் டப்பா நிறைய நட்டு என்றாகிக் குட்டியானையின் ஓரத்தில் இடம் கேட்காமல் வந்தது. கேசட் டெக் போன இடத்தில் விசிடி பிளேயர், அப்புறம் டிவிடி, அப்புறம் மோடம். இப்போது உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி, செல்போன் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குட்டை. நட்டு இறங்கிக்கொண்டே வந்தது.

2015 டிசம்பர் 1 இரவு சைதாப்பேட்டையில் தரைத்தள வீட்டில் இருந்தோம். அடையாறு உள்ளே வந்தது. மாடிக்குப் போய்விட்டோம். இரண்டு நாள் கழித்து இறங்கிப் பார்த்தபோது சேற்றுக் கோடு ஆம்ப்ளிஃபயர் தட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றிருந்தது. எல்பிகள் முழுவதும் மூழ்கியிருந்தன. அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டி. ரெக்கார்டுக்கு ஒன்றுமில்லை, சோப்பு நீரில் கழுவி நிழலில் சாய்த்துவைத்ததும் பாடின. அட்டையில்லாமல் எது எது என்று லேபிளைப் பார்த்துத்தான் இன்றும் எடுக்கிறேன். வீட்டுக்காரர் வைத்திருந்த மரத்தூள் பலகை ஷோகேஸ் பூரியாக உப்பிப் பிளந்துவிட்டது. ஏழாம் பலகை மாசக்கணக்கில் காய்ந்து பழையபடி ஆனது, வெயிலும் மழையும் கடைவாசலில் நின்று பார்த்த பலகைதானே. கீழ் நட்டுகள் துருவேறிப் பிடித்துக்கொண்டன. மண்ணெண்ணெய் ஊற்றி இரவெல்லாம் ஊறவிட்டும் இரண்டு மசியவில்லை, அறுத்து எடுத்தேன். முப்பத்திரண்டில் முப்பது இன்னும் அன்றைக்கு வாங்கியவை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா இப்போது இல்லை. அடுப்படியில் பெரியம்மா தலைக்கு மேலே, சுவரில் அடித்த இரண்டு ஆணிக்கட்டையில் ஆறாம் பலகை படுத்திருக்கிறது. எண் முன்பக்கமாகத் தெரிகிறது. மனசுக்குள் கணக்கு ஓடியது. மூன்று துண்டு வரும். இரண்டைச் சேர்த்தால் ஐந்தாவது தட்டு. ராட் நீளம் போதாது, நீள நட்டுப் போட்டு இன்னொரு ராடை இணைத்துக்கொள்ளலாம். கையால் அளந்துகொண்டே நின்றேன்.

“என்னடா பாக்குற?”

சொன்னேன்.

பெரியம்மா பலகையை ஒருதரம் பார்த்தார். அதில் வரிசையாக ஐந்து ஊறுகாய் ஜாடிகள்.

“அப்ப இதுகளை உன் பாட்டுப் பெட்டி மேலயா வைக்கிறது?”