சின்னப்பம்பட்டி கிரிக்கெட் பயிற்சி

கொங்கு மண்டலத்தில், சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் வளர்ந்த இளையோர் கிரிக்கெட் அமைப்பு. தறியும் விவசாயமும் பிழைப்பாக இருக்கும் ஊர் இது. இங்கே கிரிக்கெட் என்றால் நெடுங்காலம் டென்னிஸ் பந்துதான். அணியை நடத்தும் மூத்த அண்ணனே தேர்வாளர், பயிற்சியாளர், பந்து வாங்கப் பணம் புரட்டுபவர், எல்லாமும். அந்த இடத்தில் இருந்த ஜெயப்பிரகாஷ், வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜனைச் சென்னை லீக் வரை கொண்டுபோனார். நன்றிக்கடனாக நடராஜன் தன் ஐபிஎல் சீருடையில் 'ஜேபி நட்டு' என்று எழுதிக்கொண்டார்.

2015இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான நடராஜனின் பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குள்ளானது. அதைத் திருத்திக்கொண்டு திரும்பினார். 2017இல் ஐபிஎல்லின் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதன்பின் நடராஜனும் ஜெயப்பிரகாஷும் ஊரில் பயிற்சி மையம் தொடங்கினர். டென்னிஸ் பந்தில் ஓடிவந்தவன் கையில் தோல் பந்து ஏறியது. தையலைப் பிடிக்கும் விரல் முதற்கொண்டு எல்லாம் புதுப்பாடம். இங்கிருந்து வந்த பெரியசாமி 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் (டிஎன்பிஎல்) தொடர் நாயகனானார். ஊர்ப் பையன்களுக்கு அதுவே பெரிய சாட்சி: நடராஜன் விதிவிலக்கல்ல.

2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவ ஆட்டங்களிலும் நடராஜன் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2023 ஜூனில், அவர் ஊரில் அமைத்த மைதானத்தைக் கிரிக்கெட் வீரர் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். அண்ணன் என்ற அழைப்பு மட்டும் மாறவில்லை. அதைச் சுமக்கும் ஆள்தான் மாறினார்.