உள்ளே தெரியும் துப்பாக்கி

மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேணும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். கோயில், கல்வெட்டு பற்றி எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் என்.சி.சி. அறையில் இருந்த வெட்டுத் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன்.

எழுபதுகளில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பழைய .303 ரைபிள். பக்கவாட்டில் இரும்பை அறுத்தெடுத்து, அறுத்த விளிம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். போல்ட்டை இழுத்துத் தள்ளினால் தோட்டா ஏறுகிற வழி, ஸ்பிரிங் அமுங்குவது, விசையைத் தட்டினதும் ஊசி பாய்வது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சுட முடியாது, பாடம் நடத்தலாம். பிற்பாடு அது டெப்போவுக்கே திரும்பிப் போய்விட்டது. மேல்நாடுகளில் கைத்துப்பாக்கிகளையும் இப்படி அறுத்துப் பயிற்சிப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். கொஞ்சம்தான் செய்ததால் இன்றைக்கு அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள்.

நம்ம கரிசல் காட்டில் அப்படிச் சேர்க்கிற ஒருவரையும் நான் கண்டதில்லை. காசு இல்லை என்பது மட்டும் காரணம் இல்லை. என் சொந்த ஊரான நாகலாபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. அதே மாதம் கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டார்கள். அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மன். அதோடு, கோட்டைகளை இடியுங்கள், ஆயுதங்களை ஒப்படையுங்கள் என்று பாளையக்காரர்களுக்கு உத்தரவு. வல்லயமும், திரி வைத்துச் சுடும் துப்பாக்கியும் வைத்திருந்த சீமை வெறுங்கையானது. நாகலாபுரம் பாளையமும் பறிபோனது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு விதிவிலக்கு.

அப்படியிருந்தும் ஒரு கைத்துப்பாக்கி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன். கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். ஒரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற ஜாதி. அந்தக் காலத்துக்குப் புத்தம் புதுசு. வாஞ்சிக்குச் சுடப் பயிற்சி கொடுத்தவர் வ.வே.சு. ஐயர், இடம் புதுச்சேரி. அது பிரெஞ்சுக்காரர் ஊர், லிட்டன் சட்டம் அங்கே செல்லாது. நம் ஜில்லாவின் ஆயுத இறக்குமதிச் சரித்திரம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

கழித்துக்கட்டிய ராணுவச் சரக்கு வியாபாரம் எல்லாம் அமெரிக்காவில்தான். 1968 வரை அங்கே தபாலில் பணம் அனுப்பினால் வீடு தேடி ரைபிள் வந்தது. 1963-ல் கென்னடியைச் சுட்ட இத்தாலிய ரைபிள் அப்படித் தபாலில் வாங்கியது, தொலைநோக்கியோடு விலை 20 டாலருக்கும் குறைவு! 1968-ல் சட்டம் போட்டு அந்த இறக்குமதியை அடைத்தார்கள். 1984-ல் பழம்பொருள் என்ற கணக்கில் மறுபடி கொஞ்சம் திறந்தார்கள். நம் இஷாப்பூர் ஆலையில் செய்த ரைபிள்களும் கப்பலேறிப் போய் அங்கே விலைக்கு வந்தன. 2003-ல் நேபாள ராஜாங்கத்தின் பழைய ஆயுதக் கிடங்கையே இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் வாங்கின. கம்பெனிச் சிப்பாய்கள் தூக்கிய மாதிரி மஸ்கட்டுகள் அதில் உண்டு. பாளையக்காரனைச் சுட்ட ரகம் அமெரிக்காவில் கடைச்சரக்கு. பாளையக்காரன் சுட்ட ரகம் நாகலாபுரத்தில் ஒரு வீட்டிலும் இல்லை.

இருந்தது எங்கே போச்சு? எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பரணைச் சுத்தம் பண்ணும்போது துருப்பிடித்த நாட்டுத் துப்பாக்கிக் குழாய் ஒன்று கிடைத்தது. கட்டை இல்லை, விசை இல்லை, வெறும் குழாய். “ஏலே, போலீஸ்காரன் கண்ணுல பட்டா குடும்பமே உள்ள போயிரும்லா” என்று ராவோடு ராவாகக் கிணற்றில் போட்டுவிட்டார். எந்தக் காலத்துக் குழாயோ, ஒரு போட்டோகூடக் கிடையாது.

அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சுதந்திர இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் 45-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பழங்கால மதிப்புள்ளதோ பழுதானதோ, ரிப்பேர் செய்தாலும் சுட உதவாது என்றால் அந்த ஆயுதத்துக்குச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ரிப்பேர் செய்தால் சுடுமா, சுடாதா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் அதிகாரிகள், நாமில்லை. அதனால் ஒளித்து வைக்கவும் வேண்டாம், பழைய இரும்புக்குப் போடவும் வேண்டாம்.

இன்று படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு பக்கம் உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது கிடந்தால், கை வைக்கும் முன் போட்டோ எடுங்கள். எந்த ஊர், யார் வீடு, யார் வைத்திருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுப் பெரியவரோடு போய் ஸ்டேஷனில் சொல்லுங்கள். திருநெல்வேலி அரசு மியூசியத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.